கண்டிஷன் பெயிலில் பார்த்த தஞ்சாவூர்

தஞ்சாவூரை எனக்குச் சுற்றிக் காட்டியது போலீஸ்தான். அவர்கள் புண்ணியத்தில்தான் பெரிய கோயிலைப் பார்த்தேன், பூங்காவில் ரேடியோ கேட்டேன், புது ஆற்றில் தண்ணீர் வருவதைப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். எதற்கும் ஒரு காசு செலவில்லை. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் டிக்கெட் எடுத்து ஊர் சுற்றுகிறவர்கள்.

நடந்தது இதுதான். எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் தை மாதம். கூலியை உயர்த்திக் கொடுத்தால்தான் அறுப்போம் என்று எங்கள் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். மிராசுதார் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுக்கப் பார்த்தார். வரப்பில் தள்ளுமுள்ளு. யாரோ ஒருவருக்கு மண்டை உடைந்தது. யார் உடைத்தது என்று உடைபட்டவருக்கே தெரியாது. போலீஸ் வந்து கையில் அகப்பட்டவர்களை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனது. என் வீட்டுக்காரர் அகப்பட்டார், ஏனென்றால் அவருக்கு ஓடத் தெரியாது. பிறகு ஜாமீன் கிடைத்தது, ஆனால் கண்டிஷன் பெயில். வழக்கு முடிகிற வரை ஊர்ப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது. தஞ்சாவூரில் தங்கி, காலை பத்து மணிக்கு ஒரு தடவை, மாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

கையெழுத்துகூடப் பெரிய தொல்லையில்லை. ஊரில் விட்டுவந்த குடிசைதான் எங்கள் கவலை. அது நின்ற மனை மிராசுதாருடையது. எங்கள் தெருவே அவர் மனையில்தான் நின்றது. குடியிருக்கிறவர்களுக்கே அந்த மனை சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த சமயம் அது. தாசில்தார் ஒவ்வொரு ஊராக வந்து விசாரிப்பார், எந்தக் குடிசையில் யார் குடியிருக்கிறார்களோ அவர்கள் பேருக்கு எழுதிக் கொடுப்பார் என்று பேசிக்கொண்டார்கள். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அவர் வருகிற அன்றைக்கு எங்கள் குடிசை ஆளில்லாமல் கிடந்தால் மிராசுதாருக்கு நல்லது. என் வீட்டுக்காரரை வழக்கில் சேர்த்ததே அதற்காகத்தான் என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், "நான் ஒருத்தி போதும் குடிசையப் பாத்துக்க. நீ அவன்கூடப் போ, அவனுக்குத் தனியா இருந்து பழக்கமில்ல" என்று சொல்லி என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

தஞ்சாவூரில் எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர் ஒருவர் தன் வீட்டுப் பின்கட்டில் ஒரு கொட்டகையை எங்களுக்குப் படுக்கக் கொடுத்தார். படுக்க மட்டும்தான். பகலில் அவர் வீட்டுப் பெண்கள் அங்கே அப்பளம் இடுவார்கள். பொழுது விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு நாங்கள் வெளியே கிளம்பிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் விடியற்காலையில் மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வருவார், கஞ்சிக்கு அது போதும். அதற்கு மேல் வேலை கிடைக்காது. பத்து மணிக்கும் ஐந்து மணிக்கும் ஸ்டேஷனுக்கு ஓடுகிற ஆளை யார் வேலைக்கு வைப்பார்கள்? ஆக, காலைக் கையெழுத்துக்கும் மாலைக் கையெழுத்துக்கும் நடுவே எங்களுக்கு ஒரு முழுப் பகல் மிச்சமிருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

முதல் சில நாள் பெரிய கோயிலின் மதிலைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். அகழியில் என்ன செடி முளைத்திருக்கிறது, கிளி எந்தப் பொந்தில் குடியிருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. உள்ளே மட்டும் போகவில்லை. வாசலில் யாராவது நின்று கேட்பார்கள் என்ற நினைப்பு. எங்கள் ஊரில் எதற்கும் உத்தரவு வாங்க வேண்டும். கல்யாணத்துக்கு நாள் வைப்பதென்றாலும் சரி, குடிசைக்குப் புதுக் கீற்று போடுவதென்றாலும் சரி, பண்ணை வாசலில் போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, "உத்தரவுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். கேட்காமல் செய்தால் அது திமிர். அந்தப் பழக்கத்தில் நானும், இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஒரு பண்ணைக்காரர் இல்லாமலா இருப்பார் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல், வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் போய், "உள்ள போறதுக்கு யாருகிட்டங்க உத்தரவு கேக்கணும்?" என்றேன்.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு, கல்யாணம் கில்யாணம் பண்ணப் போறியா?"

"இல்லங்க, சும்மா பாக்க."

"பாக்கறதுக்கு என்னடி உத்தரவு? ராஜா செத்து எத்தனையோ காலமாச்சு. செருப்பு இருந்தா இங்க விட்டுட்டுப் போ. இல்லாட்டி அப்படியே போ."

என் வீட்டுக்காரர் முரண்டு பிடித்தார். சங்கத்தில் சேர்ந்த பிறகு அவர் சாமி கும்பிடுவதை விட்டிருந்தார். "சாமியப் பாக்க வேணாம், கல்லப் பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே போனோம். கோபுரத்தைக்கூட நான் அப்புறம்தான் பார்த்தேன். முதலில் பார்த்தது அந்த முற்றத்தைத்தான். இவ்வளவு பெரிய களத்தில் நெல் அடிக்காமல், காயப்போடாமல், சும்மா விட்டிருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. அவர் கண் தரையில் இருந்தது. மழை பெய்தால் இத்தனை தண்ணீரும் எந்தப் பக்கம் வடியும் என்று தேடித் தேடி நடந்தார். வயலில் மடை பார்க்கிற ஆளை அரண்மனைக்குக் கூட்டிப் போனாலும் வடிகாலைத்தான் பார்ப்பார்.

எனக்குப் பிடித்தது கோயிலின் அடிச்சுவர். அதில் சுற்றிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எங்கள் தெருவில் அது பெரிய படிப்பு. ஆனால் அந்த எழுத்து என்னிடம் விளையாட்டுக் காட்டியது. பார்த்தால் தமிழ் மாதிரி இருக்கிறது, வாசித்தால் நாக்கில் வரவில்லை. ஒரு 'ட' அகப்படும், ஒரு 'ப' அகப்படும், நடுவில் என்னவோ புழு நெளிகிற மாதிரி இருக்கும். தினமும் காலையில் போய் விரலை வைத்துத் தடவித் தடவிப் பார்ப்பேன். புதிதாக ஓரெழுத்து பிடிபட்டால் அன்றைக்கு முழுக்க எனக்கு வாயெல்லாம் பல். ஒருநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்த வாத்தியார் ஒருவரிடம், "இதுல என்னங்க எழுதியிருக்கு? சாமி பாட்டா?" என்று கேட்டேன்.

"பாட்டு இல்லம்மா, கணக்கு. எந்த ஊர்லேர்ந்து எவ்வளவு நெல்லு வரணும், வெளக்குக்கு எவ்வளவு நெய்யி, அதெல்லாம் எழுதியிருக்கு."

நெல் என்றதும் பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் முன்னால் வந்துவிட்டார். "அறுத்தவனுக்குக் கூலி என்னன்னு போட்டிருக்குங்களா?"

வாத்தியார் சிரித்துவிட்டார். அப்படி எதுவும் தான் படித்ததில்லை என்றார். இன்னொன்றும் சொன்னார். கோயிலில் ஆட வந்த பெண்களுக்கு ராஜா தெருவில் வீடு கொடுத்திருக்கிறார், எந்தப் பெண்ணுக்கு எந்த வரிசையில் எந்த வீடு என்று ஒவ்வொருத்தி பேரையும் போட்டுக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார் என்று. எனக்கு அது மனசை விட்டுப் போகவே இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஒருத்திக்கு வீடு கொடுத்ததற்கு ஆதாரம் இன்னும் நிற்கிறது. எங்கள் குடிசைக்கு ஆதாரம் என்று அத்தையைத் தவிர வேறெதுவும் இல்லை. எனக்கு அந்தப் பெண்கள்மேல் பொறாமையாக இருந்தது.

மத்தியானத்தில் கல் சுடும். அப்போது படிப்பகத்துக்குப் போவோம். ஆளும் கட்சிக்காரர்கள் தெருமுனையில் ஓலைக் கொட்டகை போட்டு, வாசலில் கொடியை ஏற்றி, பெஞ்சில் பேப்பர் வாங்கிப் போட்டிருப்பார்கள். யாரும் போய்ப் படிக்கலாம். என் வீட்டுக்காரர் முதலில், "நம்ம கொடி வேற" என்று வெளியிலேயே நின்றார். "பேப்பர் படிக்கறதுக்குக் கொடி என்ன பண்ணுது?" என்று நான் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். பெண்பிள்ளை வந்து பேப்பர் படிப்பதை அங்கே எல்லாரும் மிருகக்காட்சிசாலையில் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். நான் தலையைத் தூக்கவே இல்லை. மெதுவாக வாசித்து அவருக்குக் கேட்கும்படி சொல்வேன். சாயங்காலம் திடலில் கூட்டம் நடந்தால் அதற்கும் போவோம். எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை. எங்கள் கட்சியைத் திட்டுகிற பேச்சாளர்கள்கூட எவ்வளவு அழகாகத் திட்டினார்கள்! கோபப்படுவதா, கைதட்டுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம்.

மற்றபடி நகராட்சிப் பூங்கா. அங்கே நடுவில் சின்ன மண்டபம் கட்டி, ரேடியோவை உள்ளே பூட்டி, மரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். புல்லில் ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். நாங்கள் ரொம்ப நாள் புல்லில்தான் உட்கார்ந்தோம், பக்கத்தில் சிமெண்டு பெஞ்சு காலியாகக் கிடந்தாலும். அது யாருக்கோ என்று போட்டிருப்பதாக நினைப்பு. ஒருநாள் மழை தூறிப் புல் நனைந்திருந்ததால் பெஞ்சில் உட்கார்ந்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி வரும், உரம் போடச் சொல்வார்கள். "மொதல்ல வயல்ல எறங்க விடச் சொல்லு" என்று அவர் ரேடியோவோடு சண்டை போடுவார்.

ஆனியில் புது ஆற்றில் தண்ணீர் விட்டார்கள். மேட்டூரில் திறந்துவிட்டது என்று பேப்பரில் வாசித்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வறண்டு கிடந்த ஆற்றுக்குள் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பாலத்தில் ஜனம் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. சர்பத் கடைக்காரர், கோர்ட்டுக்குப் போகிற வக்கீல், பர்தா போட்ட அம்மாக்கள், எல்லாரும் சும்மா நிற்கிறார்கள். முதலில் மணலில் ஒரு ஈரம் ஓடி வந்தது. அதன் பின்னாலேயே சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. எல்லாரும் கத்தினோம். நானும் கத்தினேன். அவர் மட்டும் சத்தம் காட்டாமல் நின்றார். "இது பட்டுக்கோட்டைப் பக்கம் போற தண்ணி. நம்ம ஊருக்கு வெண்ணாத்துலதான் வரும். இந்நேரம் நாத்தங்காலுக்கு சேறு கலக்கிக்கிட்டு இருப்பாங்க" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் பூங்காவுக்கு நடந்தோம்.

அன்றைக்குத்தான் மிராசுதாரின் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் எங்களைப் பார்த்தார். கோர்ட்டு வேலையாக வந்தவர், பூங்கா வழியாகக் குறுக்கே நடந்திருக்கிறார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவரைப் பார்த்ததும் எங்களுக்குத் தெரியாமலேயே எழுந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் தோள் துண்டு தானாக இடுப்புக்குப் போய்விட்டது. காரியக்காரர் சாவகாசமாக நாங்கள் எழுந்த இடத்தில் உட்கார்ந்து, ரேடியோவில் வந்த பாட்டைக் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார்.

"காத்து நல்லாத்தான் வருது. கோயிலு, கொளம், ரேடியோ. குடுத்து வச்சவங்கடா நீங்க" என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். "ஐயாவுக்கு ஒம்மேல ஒண்ணும் கோவமில்ல. ஐயா இங்க கோர்ட்டுக்கு வர்றப்ப வந்து உத்தரவு கேட்டுட்டு மனைய விட்டுட்டுப் போயிடு. ஆத்தங்கரைப் பொறம்போக்குல கொட்டா போட்டுக்க. கேஸு தானா ஒண்ணுமில்லாம போயிடும். இல்லன்னா வருஷக் கணக்குல உள்ள கெடப்ப, பாத்துக்க."

அவர் போன பிறகும் நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட, எழுந்து நின்ற என் கால்மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

"என்ன புள்ள சொல்ற?" என்றார் என் வீட்டுக்காரர். குரலில் ஆசை இருந்தது. ஊருக்குப் போகலாம், நாற்றங்காலில் இறங்கலாம் என்ற ஆசை. தண்ணீரைப் பார்த்த நாளில் வந்து மனையைக் கேட்கிறாரே, அந்தக் காரியக்காரர் பாவி. "ஜெயில்ல போட்டுட்டா?" என்றார் என் வீட்டுக்காரர் மறுபடி.

"ஜெயிலுக்குப் போனா திரும்பி வந்துடலாம். மனை போனா எங்கங்க திரும்பி வர்றது?"

நான் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் உட்கார்ந்தார்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னான்: நாளைக் காலையில் தாசில்தார் எங்கள் தெருவுக்கு வருகிறார். என் வீட்டுக்காரரால் போக முடியாது. போனால் ஜாமீன் போய்விடும், காரியக்காரர் கண்கொத்திப் பாம்பாக அதற்குத்தான் காத்திருப்பார். நான் மட்டும் சாயங்காலம் நாகூர் பாசஞ்சரில் ஏறினேன். தர்காவுக்குப் போகிற ஒரு குடும்பம் எனக்கு இடம் கொடுத்தது. வண்டி நகர்ந்து பிளாட்பாரம் முடிகிற வரை அவர் கூடவே நடந்து வந்தார்.

மறுநாள் பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டுத் தாசில்தார் உட்கார்ந்தார். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் ஒவ்வொரு குடிசையாகப் பேர் சொன்னார். எங்கள் குடிசை வந்ததும் காரியக்காரர் முன்னால் வந்தார்.

"இதுல யாரும் குடியில்லங்க. புருஷனும் பொண்டாட்டியும் தஞ்சாவூரோட போயிட்டாங்க. பொய்யில்ல, பூங்காவுல பெஞ்சுல உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தத நானே பாத்தேன். கெழவிய மட்டும் பேருக்கு வச்சிருக்காங்க."

தாசில்தார் என்னைப் பார்த்தார். "உண்மையாம்மா? பூங்காவுல இருந்தீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம், எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"இருந்தோங்க. காலையில கையெழுத்து போட்டுட்டு பெரிய கோயில்ல இருப்போம். வெயிலு வந்தா படிப்பகத்துல இருப்போம். அப்பறம் பூங்கா. சாயங்காலம் கையெழுத்து போட்டுட்டுத் திடல்ல கூட்டம் கேப்போம். அங்கல்லாம் உக்கார யாருகிட்டயும் உத்தரவு கேக்க வேண்டியதில்லங்க. ஆனா ராத்திரி எந்தக் கதவும் எங்களுக்குத் தொறந்திருக்காது. அப்பளக் கொட்டாயில ஒண்டிக்கிட்டுப் படுப்போம். தஞ்சாவூர்ல ஒரு வீடு இருந்தா நான் ஏங்க நாள் முழுக்கப் பூங்காவுல போயி உக்காந்திருக்கேன்? எனக்கு இருக்கறது இந்த ஒரு வீடுதாங்க."

தாசில்தார் எழுந்து குனிந்து எங்கள் குடிசைக்குள் போனார். அத்தை அடுப்பில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டிருந்தார். இத்தனை மாதமும் அரிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலையிலும் மாலையிலும் வைக்கோலையாவது போட்டு அடுப்பைப் புகைய விட்டிருக்கிறார், ஆள் இருக்கிற வீடு என்று தெருவுக்குத் தெரிய வேண்டுமென்று. அதை எனக்கே அன்றைக்குத்தான் அடுத்த வீட்டுக்காரி சொன்னாள். தாசில்தார் வெளியே வந்து, "குடியிருப்பு இருக்கு. மருமக பேரு என்ன, எழுதிக்குங்க" என்று கர்ணத்திடம் சொன்னார். நான் அத்தை பேரைச் சொன்னேன். அத்தை என் பேரைச் சொன்னார். கர்ணம் எரிச்சலோடு இரண்டு பேரையும் எழுதினார்.

அடுத்த நாள் மத்தியானம் தஞ்சாவூரில் இறங்கியதும் என் வீட்டுக்காரரைத் தேடிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். மதிலோர நிழலில் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சொன்னேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். சுற்றிலும் ஜனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்த வீட்டு வாசலில் காலை வைக்க அடுத்த தை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனோம். நான் வழக்கம்போல வாசலில் நின்றேன். நோட்டை வைத்திருக்கும் ரைட்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னப்பா, கண்ணெல்லாம் செவந்திருக்கு?"

"மனை எங்க பேருக்கே ஆயிடுச்சுங்கய்யா. குடிசை இருக்கற எடம். இனிமே சொந்த வீடுங்க."

"அட, நல்ல சேதியாச்சே! ஒரு எட்டு ஊருக்குப் போயிப் பாத்துட்டு வர வேண்டியதுதானே?"

மனுஷன் சந்தோஷத்தில் மறந்துபோய்ச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பக்கத்தில் இருந்த கான்ஸ்டபிள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க விட்டா போறேங்கய்யா" என்றார் என் வீட்டுக்காரர்.

ரைட்டர் நோட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். சொந்த வீட்டுக்காரர் குனிந்து கையெழுத்துப் போட்டார்.